மீட்டர், செயலி, அடகுச் சீட்டு

கல்லூரியில் படித்த நாட்களில், ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அதன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். அம்மா கற்றுக்கொடுத்த பழக்கம் அது. வீடு வந்து சேர்வதற்குள் வியர்வையில் மை பாதி அழிந்துவிடும். அப்படியும் எழுதுவேன். இன்று என் மாணவிகளுக்கு அந்தக் கவலை இல்லை. கைபேசியைத் தட்டினால் வண்டி எண்ணும், ஓட்டுநரின் பெயரும், முகமும் வந்துவிடுகின்றன. போகிற வழியை அம்மாவுக்கு அனுப்பிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். செயலி வந்தபோது நானும் நிம்மதிப்பெருமூச்சு விட்டவள்தான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். ஏனென்றால் அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

வாடகை வண்டிகளின் வரலாற்றை ஆண்களின் வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். இழுத்தவர், மிதித்தவர், ஓட்டியவர் எல்லாரும் ஆண்கள். வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் அந்த வரலாற்றில் பெண்கள் தட்டுப்படுகிறார்கள்.

கை ரிக்‌ஷாவிலிருந்து தொடங்குவோம். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டியைத் தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு ஒழித்தது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படம் எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. திரையில் ரிக்‌ஷாக்காரன் வீரன். தெருவில் அவன் பெரும்பாலும் வேறொருவர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டியவன். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகையைக் கட்டியாக வேண்டும். வாடகை போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு. மிஞ்சாத நாளில் உலை வைத்தது யார்? ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ கதையில் ரிக்‌ஷாக்காரனின் மனைவி ஏன் சித்தாளாக இருக்கிறாள் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். அவளுடைய சினிமா மோகத்தைப் பற்றி நிறையப் பேசிய மாணவர்கள், அவளுடைய கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாமும் அந்தக் கதையை அப்படித்தான் படித்து வந்திருக்கிறோம்.

அடுத்து ஆட்டோ வந்தது. இப்போது வண்டியோடு பெர்மிட், பேட்ஜ், இன்சூரன்ஸ், எஃப்.சி., மாதத் தவணை எல்லாம் சேர்ந்தன. சொந்த ஆட்டோ இல்லாதவர் நாள் வாடகைக்கு எடுத்தார். சொந்தமாக வாங்கியவர் பைனான்ஸ்காரருக்கு ‘டியூ’ கட்டினார். இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீட்க வேண்டுமானால் வீட்டில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போகும். 1995இல் ‘பாட்ஷா’ வந்த பிறகு எங்கள் தெரு ஸ்டாண்டில் ஆயுத பூஜை திருவிழாவாகவே மாறியது. அங்கே வண்டிக்கு மாலை போட்டபோது, அந்த வண்டிக்காக அடகில் இருந்த சங்கிலியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டாண்டைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டைக் கடந்து போகும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்த பெண்களில் நானும் ஒருத்தி. “மேல போட்டுக் குடுங்க” என்ற பேரத்தில் தோற்றவளும் நான். அதே ஸ்டாண்டிலிருந்துதான், நள்ளிரவில் பிரசவ வலி வந்த பக்கத்து வீட்டு அக்காவைக் காசு பேசாமல் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார் ஒரு அண்ணன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதக் கணக்கில் ஏற்றிச் சென்றவர்களும் அவர்கள்தான். முகம் தெரியும், வீடு தெரியும், கடனும் சொல்லலாம். பயமும் பழக்கமும் கலந்த உறவு அது.

இந்த உறவு கெட்டதற்கு ஓட்டுநரின் பேராசை மட்டுமே காரணம் என்று நாம் நம்பினோம். அரசு நிர்ணயித்த கட்டணத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும். சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசு அதை மாற்றவேயில்லை. இடையில், 2021இல், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. மீட்டர் போட்டு ஓட்டுவது கட்டுப்படியாகாது என்று ஓட்டுநர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மையை அரசிடம் கேட்டு வாங்க வேண்டிய சண்டை, தெருமுனையில் அவருக்கும் ஒரு பெண் பயணிக்கும் இடையிலான சண்டையாகச் சுருங்கிப்போனது.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் செயலிகள் நுழைந்தன. ஓலா 2010இன் கடைசியில் மும்பையில் தொடங்கியது. உபர் 2013இல் பெங்களூருவில் கால் வைத்து, பிறகு சென்னைக்கும் வந்தது. ஆட்டோவைவிடக் குறைந்த காசில் ஏ.சி. கார்! எப்படி முடிந்தது? முதலீட்டாளர்களின் பணத்தைக் கொட்டி, பயணிக்குத் தள்ளுபடியும் ஓட்டுநருக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். சென்னையில் அதுவரை இருந்த கால் டாக்சி நிறுவனங்கள் அந்த விலையில் ஓட்ட முடியாமல் திணறின. நான் அழைத்த கால் டாக்சி எண்களில் எப்போதும் ஒரு பெண் குரல்தான் எடுக்கும். “மேடம், லேண்ட்மார்க் சொல்லுங்க” என்று கேட்கும் அந்தக் குரல்களின் வேலையைத்தான் செயலி முதலில் எடுத்துக்கொண்டது. அவர்களுக்காக யாரும் சாலை மறியல் செய்யவில்லை.

விலையோடு இன்னொன்றையும் இந்த நிறுவனங்கள் விற்றன: பெண்ணின் பாதுகாப்பு. 2014 டிசம்பரில் டெல்லியில் உபர் காரில் வீடு திரும்பிய ஓர் இளம்பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். அவர்மீது முன்பே குற்றச்சாட்டுகள் இருந்தது பிறகு தெரியவந்தது. டெல்லி அரசு அந்தச் சேவையைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் செயலியில் அவசரப் பொத்தான் வந்தது. கதை அதோடு முடியவில்லை. நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணின் மருத்துவ ஆவணங்களைப் பெற்று வைத்திருந்தார் என்பது 2017இல் வெளிவந்தது. அவர் வெளியேற்றப்பட்டார். அந்தப் பெண் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார், நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. விளம்பரத்தில் பெண்ணின் பாதுகாவலன், விவகாரம் வந்ததும் அவள் உடலின் ஆவணத்தைத் தேடிய கை. இரண்டும் ஒரே நிறுவனம்தான்.

ஊக்கத்தொகை காலத்தில் கார் வாங்கிய ஓட்டுநர் ஒருவருடன் போன ஆண்டு தாம்பரத்திலிருந்து வந்தேன். முன்பு டிராவல்ஸில் சம்பளத்துக்கு ஓட்டியவர். “மாசம் எழுபது, எண்பது வரும்னு சொன்னாங்க மேடம். மொதல்ல வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. என் வொய்ஃப் நகை எட்டுப் பவுன் வெச்சுத்தான் முன்பணம் கட்டினேன்.” பிறகு ஊக்கத்தொகை குறைந்தது. எட்ட வேண்டிய ட்ரிப் எண்ணிக்கை கூடியது. நூறு ரூபாய் சவாரியில் இருபது, இருபத்தைந்து கமிஷனாகப் போனது. பயணியை ஏற்றப் போகும் தூரத்துக்குக் காசு கிடையாது. சவாரியை மறுத்தால் ஐ.டி. பிளாக். கேட்பதற்கு ஆள் இல்லை, தானாகப் பதில் அனுப்பும் செய்திதான் வரும். “நகை என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “மூழ்கிப்போச்சு மேடம்” என்றார். வட்டி கட்ட முடியாமல் கைவிட்டுப்போன நகைக்கு நம் மொழியில் இருக்கும் சொல் அது. அவர் மனைவி இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டு வேலை செய்கிறார். கார் டியூவில் பாதி அந்தச் சம்பளத்திலிருந்துதான் போகிறதாம்.

2017 பிப்ரவரியில் டெல்லியில் செயலி ஓட்டுநர்கள் பல நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டதும் இதைத்தான்: சொன்ன வருமானம் எங்கே? நிறுவனங்களின் பதில் எளிது. நீங்கள் எங்கள் தொழிலாளி அல்ல, ‘பார்ட்னர்’. கட்டணத்தை அவர்கள் வைப்பார்கள், மதிப்பெண்ணை அவர்கள் கணக்கிடுவார்கள், ஐ.டி.யை அவர்கள் முடக்குவார்கள். நஷ்டம் மட்டும் பார்ட்னருடையது. பெண்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. ‘இல்லத்தரசி’ என்று பட்டம் கொடுத்துவிட்டால் கூலி கேட்க முடியாது என்று நமக்குத் தெரியும். ‘பார்ட்னர்’ அதே குடும்பத்தைச் சேர்ந்த சொல். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் உபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்து, அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுப்பும் உண்டு என்றது.

கடன் வீட்டுக்குள் வரும் கதை சென்னைக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கில் மஞ்சள் டாக்சி ஓட்ட ‘மெடாலியன்’ என்ற உரிமத் தகடு வேண்டும். 1937இலிருந்து இருக்கும் முறை அது. 2014இல் ஒரு தகட்டின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. குடியேறிய ஓட்டுநர்கள், பலர் தெற்காசியர்கள், கடன் வாங்கி வாங்கினார்கள். விலையை ஊதிப் பெருக்கியதில் கடன் கொடுத்தவர்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. செயலி வண்டிகள் வரம்பின்றிப் பெருகியதும் விலை சரிந்தது, கடன் நின்றது. 2018இல் ஓட்டுநர்களின் தற்கொலைச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த ஓட்டுநர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் குஜராத்தில் பிறந்த ஒரு பெண், பைரவி தேசாய். 2021இல் பதினைந்து நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, கடன்களை அதிகபட்சம் 1,70,000 டாலராகக் குறைத்து, அதற்கு நகரமே உத்தரவாதம் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஆண்களே நிறைந்த ஒரு தொழிலில், கடன்தான் தொழிலாளர் பிரச்சினை என்பதை முன்னிறுத்திப் போராடி வென்ற சங்கத்தின் தலைமையில் ஒரு பெண் இருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெண்களே ஓட்டினால் நிலைமை மாறுமா? அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உபர் ஓட்டுநர்களின் தரவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆணா பெண்ணா என்று பார்க்காமல் ஒரே சூத்திரத்தில்தான் எல்லாருக்கும் பணம். ஆனாலும் ஒரு மணிநேர வருமானத்தில் ஆண்கள் சுமார் 7 சதவீதம் கூடுதலாகப் பெற்றார்கள். ஓட்டிய அனுபவம், எங்கே ஓட்டுகிறார்கள் என்பது, வேகம் ஆகிய மூன்றும் காரணம் என்றது அந்த ஆய்வு. பெண்கள் சீக்கிரமே வேலையை விட்டுவிடுவதால் அனுபவம் சேர்வதில்லை. ஏன் விடுகிறார்கள், ஏன் சில இடங்களுக்குப் போவதில்லை என்று சூத்திரம் கேட்காது. நம் ஊரில் ஆட்டோ ஓட்டும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். கழிப்பறை இல்லாத சாலை, இரவு பத்து மணி சவாரி, பள்ளி விட்டு வரும் பிள்ளை. 2025 மகளிர் தினத்தன்று சென்னையில் தமிழக அரசு இளஞ்சிவப்பு ஆட்டோக்களைத் தொடங்கிவைத்தது. வண்டி வாங்க ஒரு லட்சம் ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் மீதிப் பணம் கடன்தான். கட்டுப்படியாகும் கட்டணம் இல்லாவிட்டால், முன்பு கணவனின் வண்டிக்காக நகை வைத்தவள் இனி தன் வண்டிக்காக வைப்பாள்.

சட்டம் மெல்ல நகர்கிறது. 2020இல் மத்திய அரசின் வழிகாட்டுதல், கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்கு என்றது. செயலித் தொழிலாளர்களுக்கென 2023இல் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. இதற்கிடையில் ஆட்டோவுக்குக் கமிஷன் போய்த் தினசரிச் சந்தா வந்துவிட்டது. உபர் 2025 பிப்ரவரியில் அதற்கு மாறியது. பயணி ஓட்டுநருக்கே பணம் கொடுக்க வேண்டும், திரையில் தெரிவது உத்தேசக் கட்டணம். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காலையில் சந்தா கட்டியாக வேண்டும். ரிக்‌ஷாக்காரன் கட்டிய நாள் வாடகை நினைவுக்கு வருகிறதா? தெருமுனைப் பேரமும் திரும்பிவிட்டது. “மேடம், ஆப்ல காட்றது கட்டாது, முப்பது ரூபா சேத்துக் குடுங்க.”

இப்படிக் கேட்கும்போது எனக்குக் கோபம் வராமல் இல்லை. மாதக் கடைசியில் முப்பது ரூபாயும் காசுதான். ஆனால் பெண்ணின் பாதுகாப்பு என்ற பெயரில் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நாம் பார்க்க வேண்டும். பின் இருக்கையில் பத்திரமாக வீடு திரும்ப நினைக்கும் ஒருத்தி. அந்த வண்டிக்காக நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் வீடு திரும்பக் காத்திருக்கும் இன்னொருத்தி. பத்திரமாக வீடு திரும்புவது ஒரு நிறுவனம் விற்கும் பொருளாக இருக்கக் கூடாது. இரவிலும் ஓடும் பேருந்து, எரியும் தெருவிளக்கு, ஆண்டுதோறும் திருத்தப்படும் கட்டணம், குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் இவற்றை அரசிடம் நாம் சேர்ந்து கேட்கலாம். வண்டிக் கடனில் பெண்ணின் நகை போகிறது என்றால், வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் அவள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

தாம்பரத்திலிருந்து வந்த அன்று, என் வீடு நெருங்கும்போது அந்த ஓட்டுநருக்கு ஒரு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். “சாப்ட்டியா? எத்தன ட்ரிப் ஆச்சு?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. “இது ஏழாவது. இன்னும் மூணு ஓட்டிட்டு வந்துர்றேன்” என்றார் அவர். மணி அப்போது இரவு ஒன்பதரை.