அமர மானியம் முதல் அக்னிவீரர் வரை: புதுக்கோட்டைப் படைவீரரும் விடுப்பு முறையின் வளர்ச்சியும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

படைவீரரின் விடுப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாள் கணக்கோடு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு எத்தனை நாள், அதில் எத்தனை கிடைத்தது, எத்தனை வீணாயிற்று என்பதே ஊரில் கேட்கப்படும் கேள்வி. வரலாற்று நோக்கில் இதைவிட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு. விடுப்புக் கேட்கும் தேவை எப்போது பிறந்தது? கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? மறுத்தால் முறையிட இடம் இருந்ததா? புதுக்கோட்டை மாவட்டத்தை மையமாக வைத்து, பெரும்பாலும் தரைப்படையை மட்டும் எடுத்துக்கொண்டு, இம்மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புதுக்கோட்டையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1974 ஜனவரி 14 அன்று உருவான இம்மாவட்டம் இரண்டு வரலாறுகளின் சேர்க்கை. நடுப்பகுதி தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்றுதான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அறந்தாங்கிப் பகுதியோ பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியையும் பிறகு பிரிட்டிஷ் அரசையும் நேராகக் கண்டது. சமஸ்தானத்துப் படைமுறை, மாகாணத்துப் படைமுறை இரண்டையும் ஒரே மாவட்ட எல்லைக்குள் ஒப்பிட இது வாய்ப்பளிக்கிறது.

1. ஊரிலேயே இருந்த படை

தொண்டைமான்களின் படை சம்பளப் படையன்று. படைச் சேவைக்கு ஈடாக நிலம் வழங்கும் அமர முறையே அதன் அடித்தளம். அமரக்காரர் தம் ஊரில் தம் நிலத்தை உழுதபடி இருப்பார். அழைப்பு வந்தால் சேர்வைகாரர், சர்தார் ஆகியோரின் கீழ் திரள்வார். கர்நாடகப் போர்களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது ஆங்கிலேயருக்குத் துணை நின்றதும், 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் இந்த அமைப்பை வைத்திருந்த அரசே.

இத்தகைய படையில் விடுப்பு என்ற ஏற்பாட்டுக்கே இடமில்லை. வீரரின் இயல்பான இருப்பிடம் ஊர்; படையெடுப்பு விதிவிலக்கு. அறுவடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர் யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. அவருக்கு இருந்த கட்டுப்பாடு வேறு வகையானது. சேவைக்கு வராவிட்டால் போவது வேலை மட்டுமல்ல, மானிய நிலம். அதாவது குடும்பத்தின் வாழ்வாதாரமும் ஊரில் அதன் மதிப்பும்.

19ஆம் நூற்றாண்டில் போர் ஓய்ந்ததும் அமரப் படை காவல், ஏவல், சடங்கு வேலைகளுக்குச் சுருங்கியது. திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் நடந்த 1888 இனாம் நிர்ணயம் இந்தச் சேவை மானியங்களை வரி செலுத்தும் நிலங்களாக மாற்றியது. நிலத்துக்கும் படைச் சேவைக்கும் இருந்த முடிச்சு அத்தோடு அவிழ்ந்தது. அதன் பிறகு படைக்குப் போக விரும்பிய புதுக்கோட்டைக்காரர் பெரும்பாலும் ஊரை விட்டுப் போக வேண்டியவரானார்.

2. குடும்பத்தோடு நகர்ந்த பட்டாளம்

கம்பெனியின் சென்னைப் படை வேறு தீர்வைக் கண்டிருந்தது. வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். கோடைக்காலத்தில் தொகுதி தொகுதியாக ஊருக்குப் போய்வருவது அங்கே வழக்கம். சென்னைப் படைச் சிப்பாயோ மனைவி மக்களோடு, பல வேளைகளில் பெற்றோரோடும், படை முகாமின் லைன் வீடுகளில் வாழ்ந்தார். பட்டாளம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றப்பட்டால் குடும்பங்களும் வண்டி கட்டிப் பின்தொடர்ந்தன.

இந்த வேறுபாட்டைப் படை வரலாற்றாசிரியர்கள் ஒழுக்கம், செலவு ஆகிய கோணங்களில் பேசியிருக்கிறார்கள். விடுப்பின் வரலாற்றுக்கும் இது முக்கியமானது. குடும்பம் பக்கத்திலேயே இருக்கும்வரை ஊருக்குப் போகும் தேவை நிலத் தகராறு, சாவு, திருமணம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. கடல் கடந்த போர்களின்போதுதான் சிக்கல் தலைதூக்கியது. 1824-இல் தொடங்கிய முதல் பர்மியப் போரில் சென்னைப் படையே பெரும் பங்கு வகித்தது. குடும்பங்கள் உடன் போக இயலவில்லை. சிப்பாயின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு நேராக வழங்கும் ஏற்பாடு இத்தகைய தேவைக்கு எழுந்ததே. பிரிவுக்கு நிர்வாகம் தந்த விடை பணமாக இருந்தது, நாட்களாக இல்லை.

ஐரோப்பிய அதிகாரிகளின் நிலை வேறு. 1796 சீர்திருத்தங்கள் அவர்களுக்குச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பில் தாய்நாடு சென்றுவரும் வசதியை எழுத்தில் தந்தன. ஒரே படையில் அதிகாரிக்கு விடுப்பு விதியாக எழுந்தது; சிப்பாய்க்கு மேலதிகாரியின் மனமே விதியாக இருந்தது.

3. பிரிவு நிலைபெற்ற காலம்: 1895–1947

மூன்று மாகாணப் படைகளும் 1895-இல் ஒரே இந்தியப் படையாக இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் போன்றோர் பரப்பிய, சில குடிகளே போருக்கு ஏற்றவை என்ற ‘போர்க்குடி’ கொள்கையால் தமிழர் சேர்க்கை குறையத் தொடங்கியிருந்தது. எஞ்சியவர்கள் பெரும்பாலும் பாதை, பாலம் அமைக்கும் சாப்பர்களும் பயனியர்களும். அவர்களின் பணியிடம் வடமேற்கு எல்லையிலும் கடலுக்கு அப்பாலும் விரிந்தது. குடும்பம் உடன் வரும் பழைய சென்னை வழக்கம் தேய்ந்து, வங்காளப் படையின் பிரிவு வாழ்க்கையே எல்லாருக்கும் பொது விதியானது. இன்று நாம் அறிந்த ‘லீவு’ தமிழ் வீரருக்கு வாழ்க்கைப் பிரச்சினையானது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் உலகப் போர் இதன் கூர்மையை வெளிக்கொணர்ந்தது. 1914 செப்டம்பரில் பிரான்சில் இறங்கிய இந்தியப் படையினரின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் படித்துத் தொகுத்தது. காயம் ஆறியவர்களை ஊருக்கு அனுப்பாமல் மீண்டும் போர்முனைக்கே அனுப்புவது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை. பிரிட்டிஷ் வீரருக்குக் கால்வாயைக் கடந்தால் வீடு. சில நாள் விடுப்பே போதும். இந்திய வீரருக்குப் பயணமே வாரக்கணக்கு. தூரம் விடுப்பை மறுக்கும் வலுவான காரணமானது.

போருக்குப் பின் இரண்டு நிறுவன மாற்றங்கள் நிகழ்ந்தன. 1919-இல் இந்தியப் படைவீரர் வாரியம் அமைந்தது. இன்றைய மத்திய, மாநில, மாவட்டப் படைவீரர் வாரியங்களின் முன்னோடி அது. 1925-இல் வந்த இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் நேரில் வர இயலாத நிலையில் அவருக்கு எதிராக உரிமையியல் வழக்கு முடிந்துபோகாமல் காத்தது. வீரர் ஊரில் இல்லாததால் அவர் குடும்பம் நிலத்தை இழக்கக்கூடும் என்பதை அரசு சட்டத்திலேயே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. 1941-இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து, சமஸ்தானத்துக் கிராமங்களின் இளைஞர்களை இரண்டாம் உலகப் போரின் படைச் சேர்க்கைக்கு அருகில் கொண்டுவந்தன.

4. 1950 சட்டம்: விடுப்பும் குற்றமும்

விடுதலைக்குப் பின் வந்த 1950 தரைப்படைச் சட்டம், 1911 சட்டத்தின் கட்டமைப்பைப் பெரும்பாலும் தொடர்ந்தது. அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருந்தது.

இச்சட்டத்தில் விடுப்பு முதன்மையாகக் குற்றப் பிரிவுகளில்தான் இடம்பெறுகிறது. 38ஆம் பிரிவு படையை விட்டு ஓடுவதைப் பற்றியது. களப்பணியில் இருக்கும்போது அதற்கு மரண தண்டனை வரை உண்டு. 39ஆம் பிரிவு அனுமதியின்றி வராமலிருப்பதையும், போதிய காரணமின்றி விடுப்புக்கு மேல் தங்குவதையும் ஒன்றாக வைத்து மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 30 நாள் கடந்தால் 106ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் கூடும். வராதவரைப் பிடிக்கக் கோரும் தேடுதல் தாள் வீரரின் சொந்த மாவட்டக் காவல்துறைக்கு வந்து சேரும். வட எல்லையில் கையெழுத்தான விடுப்பின் கணக்கு ஆலங்குடியிலோ கீரமங்கலத்திலோ உள்ள காவல் நிலையத்தில் முடிவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது. வழக்கு நடத்த விடுப்புப் பெற்றிருக்கிறார் அல்லது விண்ணப்பித்திருக்கிறார் என்று படை அதிகாரி சான்று கொடுத்தால், அந்த விடுப்புக் காலத்துக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க நீதிமன்றம் இயன்றவரை ஏற்பாடு செய்ய வேண்டும். பங்காளித் தகராறும் வரப்புச் சண்டையும் ஆண்டுக்கணக்கில் இழுபடும் ஊர்களில் இது மதிப்புமிக்க பாதுகாப்பு. ஆனால் இதைப் பயன்படுத்த வீரருக்கு முதலில் தேவைப்படுவது படை அதிகாரியின் சான்று.

விடுப்பு உரிமையன்று, பணியின் தேவை கருதி மறுக்கலாம், நடுவில் திரும்ப அழைக்கலாம் என்பது விடுப்பு விதிகளின் அடிப்படை. 1999 கார்கில் போரின்போதும், 2001 டிசம்பர் முதல் 2002 அக்டோபர் வரை நீண்ட ஆபரேஷன் பராக்கிரமத்தின்போதும் இவ்விதி முழு அளவில் செயல்பட்டது.

5. சீட்டும் தந்தியும்

அன்றாட நடைமுறையில் விடுப்பு ஒரு நீண்ட படிவரிசை. செக்‌ஷன் கமாண்டரிடம் தொடங்கி, பிளாட்டூன் வழியாகக் கம்பெனி கமாண்டர் வரை விண்ணப்பம் ஏறுகிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே கம்பெனிக்கு ஒரு லீவு பிளான் போடப்படும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாரும் கேட்பார்கள். எல்லாரையும் அனுப்ப இயலாது. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கும் நார்த்தாமலைத் திருவிழாவுக்கும் வர நினைப்பவர், சக வீரரோடு முறை மாற்றிக்கொண்டாக வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் கைக்கு வருவது லீவு சர்டிபிகேட். படை எண், தரம், பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், ஊர் முகவரி ஆகியவை அதில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர ரயில் வாரண்ட். மற்றப் பயணங்களுக்குச் சலுகைச் சீட்டு. ஜம்முவில் டிரான்சிட் கேம்ப், பிறகு இரண்டு நாளுக்கும் மேல் ரயிலில் சென்னை, அங்கே படையினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகத்தில் அடுத்த வண்டிக்கு இடம், அதன்பின் திருச்சி, புதுக்கோட்டை, கடைசியாக டவுன் பஸ். இந்த வழியில் அந்த ஒரு சீட்டே அவருடைய அடையாளமும் காவலும்.

அவசர விடுப்பின் வரலாறு தந்தியோடு பிணைந்தது. ‘மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற வாசகம் தேய்ந்துபோகும் அளவுக்குப் பயன்பட்டது. தபால் அலுவலகத்தின் முத்திரை இருந்ததால் அது வெறும் செய்தியன்று, ஆவணம். அதனாலேயே பொய்த் தந்திகளும் வந்தன. கம்பெனி கமாண்டர் எல்லாத் தந்தியையும் ஐயத்தோடு படிக்கவும் பழகினார். விடுப்பு நீட்டிப்புக் கேட்கும்போது மருத்துவர் சான்று, உள்ளூர் அதிகாரியின் உறுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரை என்று சான்றுகள் அடுக்கப்பட்டன. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. படையினர் கடைசிவரை அதைப் பயன்படுத்தியவர்களில் ஒரு பிரிவினர். இன்று அதன் இடத்தை வாட்ஸ்அப் படமும் தொலைபேசி அழைப்பும் பிடித்திருக்கின்றன. செய்தி நொடியில் போய்ச் சேர்கிறது. அதை நம்புவதா என்ற முடிவு மட்டும் பழையபடியே ஒருவருடையது.

பயணமும் விடுப்பின் பகுதிதான் என்பதை 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல் உணர்த்தியது. கொல்லப்பட்ட 40 மத்திய ரிசர்வ் காவல் படையினர் சென்ற அணியில் விடுப்பு முடிந்து திரும்பியோர் பலர். கொல்லப்பட்டோரில் அரியலூர், தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த இருவர் இருந்தனர். அதே மாதம், மத்திய ஆயுதக் காவல் படைகளின் எல்லாத் தரத்தினரும் விடுப்புக்கும் டெல்லி–ஸ்ரீநகர் வழியில் விமானத்தில் செல்ல உள்துறை அனுமதித்தது.

6. நாட்களின் கணக்கு: இன்று

நிரந்தரப் பணியில் உள்ள தரைப்படை வீரருக்கு இன்று ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ஓய்வின்போது 300 நாள் வரை சேமித்த விடுப்பைப் பணமாக்கலாம். 2023 நவம்பரில், அதுவரை பெண் அதிகாரிகளுக்கு இருந்த மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, தத்தெடுப்பு விடுப்புகள் பெண் வீரர்களுக்கும் அதே அளவில் நீட்டிக்கப்பட்டன. அதிகாரிக்கு ஒரு நீதி, வீரருக்கு ஒரு நீதி என்ற 1796-இன் எச்சம் ஒரு பகுதியிலாவது அகன்றது.

எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. நோய் விடுப்பு மருத்துவர் சொல்படி. ஒரே பாரக்கில், ஒரே காவல் முறையில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு 90, மற்றவருக்கு 30. திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகச் சேரும் புதுக்கோட்டை இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவானதன்று.

முறையீட்டு நிலை இன்னும் தெளிவானது. 2007 ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் படையினருக்குத் தனி நீதி அமைப்பைத் தந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. ஆனால் ‘பணி தொடர்பான விவகாரங்கள்’ என்பதை வரையறுக்கும்போது, எந்த வகை விடுப்பும் அதில் அடங்காது என்று அச்சட்டமே விலக்கிவிட்டது. விடுப்பு மறுக்கப்பட்டவருக்கு 1950 தரைப்படைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் மேலதிகாரியிடம் முறையிடும் வழி உண்டு. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் உண்டு. விடுப்புக்கு மேல் தங்கியதற்காக வேலையை இழந்தவர் தீர்ப்பாயம் செல்லலாம். விடுப்புக் கிடைக்காததாலேயே தங்கினேன் என்பவர், அந்த மறுப்பை மட்டும் தனியே அங்கே கேள்விக்குள்ளாக்க முடியாது.

7. முடிவுகள்

முதலாவதாக, விடுப்பு என்பது பிரிவின் விளைவு. அமரக்காரருக்கு அது தேவைப்படவில்லை. லைனில் குடும்பத்தோடு வாழ்ந்த சென்னைச் சிப்பாய்க்குக் குறைவாகத் தேவைப்பட்டது. அனைத்திந்தியப் படையின் வீரருக்கு இன்றியமையாததானது.

இரண்டாவதாக, ஒன்றேகால் நூற்றாண்டில் விடுப்பு எழுதப்பட்ட எண்ணிக்கையாக வளர்ந்தது. வாரண்ட், வாரியம், வழக்கு முன்னுரிமை என்று அதைச் சுற்றித் துணை அமைப்புகளும் வளர்ந்தன. கொடுக்கும் அதிகாரம் மட்டும் இடம் மாறவில்லை. அன்றைய போர்முனைக் கடிதங்களில் காணும் குறைக்கும் இன்றைய குறைக்கும் விடை சொல்ல வேண்டியவர் கட்டளை அதிகாரியே.

மூன்றாவதாக, சான்று கொண்டுவரும் சுமை ஊரில் இருக்கும் குடும்பத்தின் மேல் விழுந்தது. தாய்க்கு நோய் என்பதை நிறுவ வேண்டியவர் எல்லையில் இருக்கும் மகனல்லர். தாயின் அருகில் இருந்துகொண்டு மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலையும் மருமகள். படையின் ஒழுங்கைக் குலைக்காமலே இங்கே ஒரு சீர்திருத்தம் இயலும். அவசர விடுப்பை மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் பதிவது, மாவட்ட நல அலுவலகமே குறித்த நேரத்துக்குள் சரிபார்த்துப் படைப்பிரிவுக்குச் சொல்வது ஆகிய இரண்டையும் கட்டாயமாக்கினால், மறுக்கும் அதிகாரம் அதிகாரியிடமே இருக்கும். அந்த மறுப்பைப் பிறகு ஒருவர் ஆராய்ந்து பார்க்கவும் இயலும்.