3 நாளைக்கு ஒருமுறை மங்கும் நட்சத்திரம்: தேவாரத்தில் இருந்தே பார்க்கலாம்... எப்படி?

தேனி மாவட்டம் தேவாரம்னு சொன்னாலே பலருக்கும் நினைவுக்கு வருவது, அருகில் உள்ள பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகமும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்தான். 'அங்கே நட்சத்திரம் பார்ப்பாங்களா?' என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. அது மலைக்கு அடியில் நியூட்ரினோ துகள்களைப் பதிவு செய்வதற்கான திட்டம். நட்சத்திரம் பார்க்க ஆய்வகம் எதுவும் வேண்டாம், தெருவிளக்கு படாத ஒரு தோட்டமோ மொட்டை மாடியோ போதும். அங்கிருந்தே ஒரு நட்சத்திரத்துக்குப் பிடிக்கும் 'கிரகணத்தை' வெறும் கண்ணால் பார்க்கலாம். அந்த நட்சத்திரத்தின் பெயர் அல்கோல்.

நட்சத்திரத்துக்கும் கிரகணமா?

ஆமாம். நாம் ஒரே புள்ளியாகப் பார்க்கும் பல நட்சத்திரங்கள் உண்மையில் ஜோடிகள். ஒன்றை ஒன்று சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றுப்பாதையின் விளிம்பு பூமியை நோக்கி இருந்தால், ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே வரும். அப்போது ஒளி குறையும். இவற்றைத்தான் 'கிரகண இரட்டை நட்சத்திரங்கள்' என்கிறார்கள். பாதை சாய்வாக இருந்தால் ஜோடி இருந்தும் நமக்குக் கிரகணம் தெரியாது.

அல்கோல் ஜோடியில் ஒன்று சூடான, பிரகாசமான நட்சத்திரம். மற்றொன்று அளவில் சற்றுப் பெரியது, ஆனால் மங்கலானது. மங்கலானது முன்னால் வரும்போது அல்கோலின் ஒளி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிரகாசமானது முன்னால் வரும்போது ஏற்படும் குறைவு மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடித்தது யார்?

இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த ஜான் குட்ரிக். காது கேளாதவர். 1782-ல் அல்கோலைக் கவனிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. வெறும் கண்ணால் இரவு இரவாகப் பார்த்து, அது ஒழுங்கான இடைவெளியில் மங்குவதைக் கணக்கிட்டார். ஏதோ ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்று 1783-ல் சொன்னார். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. 1786-ல், 21 வயதிலேயே இறந்துபோனார். அவர் சொன்னது சரிதான் என்பது 1889-ல் ஜெர்மனியில் நிறமாலை ஆய்வு மூலம் உறுதியானது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

ஒளி மாறும் நட்சத்திரங்களைத் தேடும் வேலை சென்னையிலும் நடந்தது. மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆனால் அது கிரகண வகை இல்லை, தானே விரிந்து சுருங்கும் வகை. இன்று ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தேனிக்குப் பக்கத்தில் உள்ள கொடைக்கானல் ஆய்வகம் சூரியனை ஆராய்வது.

இதனால் என்ன பயன்?

நட்சத்திரத்தைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஜோடி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது தெரிந்தால் இரண்டின் அளவையும் எடையையும் கணக்கிட்டுவிடலாம். இப்படி எடை போட்டதில்தான் ஒரு புதிர் கிளம்பியது. எடை கூடிய நட்சத்திரம்தான் சீக்கிரம் முதுமை அடைய வேண்டும். அல்கோலில் முதுமை அடைந்திருப்பதோ எடை குறைந்தது! விடை இதுதான்: ஒரு காலத்தில் அதுவே கனமானது. வயதாகி வீங்கியபோது தன் பொருளைத் துணைக்குக் கொட்டிவிட்டது.

வேற்று சூரியக் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலம் மட்டும் 2,800-க்கும் மேற்பட்ட கிரகண ஜோடிகளைப் பதிவு செய்திருக்கிறது. இவற்றின் ஒளிக் குறைவைக் கோள் என்று தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதால் அவற்றைப் பிரித்தறிவதும் முக்கியம்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

* மழை மேகம் விலகிய டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, இரவு 8 மணி வாக்கில் பாருங்கள்.
* முதலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டி, அங்கிருந்து வடக்கே இரண்டு முஷ்டி தள்ளிப் பார்த்தால் அல்கோல்.
* சாதாரண நாளில் எவ்வளவு பிரகாசம் என்று, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.
* 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை கிரகணம். மங்கி மீள்வதற்கு சுமார் 10 மணி நேரம் ஆகும்.

அதாவது, சனிக்கிழமை நள்ளிரவு 12 மணிக்கு அதிகமாக மங்கியிருந்தால், அடுத்தது செவ்வாய் இரவு 8.49-க்கு. அதற்கு அடுத்தது வெள்ளிக்கிழமை மாலை 5.38-க்கு. அப்போது வெளிச்சம் இருக்கும், உச்சக்கட்டம் தெரியாது. ஆனால் இருட்டிய பிறகு அல்கோல் மெல்ல மெல்லப் பழைய ஒளிக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

அல்கோல் சுமார் 90 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் கிரகணம், உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் நடந்து முடிந்தது.