சாந்திநிகேதனத்துச் சித்திர ஆசிரியரும் மாணாக்கர் நினைவுகளும்

ஒரு கல்விக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்குப் பதிவேடுகள் பல உதவும். அதிபர் பதவியேற்ற ஆண்டு, மண்டபம் எழுந்த ஆண்டு, பரீட்சையிற் சித்தியெய்தினோர் தொகை ஆகியன அவற்றிற் கிடைக்கும். ஆனால், ஓர் ஆசிரியர் வகுப்பிலே எவ்வாறு கற்பித்தார் என்பதை எப்பதிவேடும் கூறுவதில்லை. சித்திர ஆசிரியர் திறத்தில் இக்குறை பின்னும் பெரிது. மாணவன் பின்னே நின்று அவர் சொன்ன ஒரு சொல்லும், அவன் தாளின் ஓரத்தில் இழுத்துக் காட்டிய ஒரு கோடும் அன்றே மறைந்துபோவன. அவை எஞ்சி நிற்பது மாணாக்கர் நினைவில் மாத்திரமே. அந்நினைவு வரலாற்றுக்கு எத்துணைப் பயன்படும், அதனை எவ்வளவிற்கு நம்பலாம் என்பவற்றை வங்காளத்துச் சாந்திநிகேதனத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவீந்திரநாத தாகூர் 1901ஆம் ஆண்டிலே சாந்திநிகேதனத்திற் சிறு பள்ளியொன்றைத் தொடங்கினார். 1919இல் அங்கே கலாபவனம் தோன்றியது. 1922 முதல் 1951 வரை அதன் தலைமையை வகித்தவர் நந்தலால் போஸ். அவர் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றவர். ஐரோப்பியச் சிலைகளின் வார்ப்புகளைப் பார்த்து வரைவதே சித்திரக் கல்வி என்றிருந்த காலத்தில், அப்பள்ளியின் அதிபரான ஹாவெல் என்னும் ஆங்கிலேயரும் அவனீந்திரரும் மாணவரின் கண்ணை இந்திய மரபின் பக்கம் திருப்பினர். அவ்வியக்கத்தோடு நம் நாட்டாருக்கும் தொடர்புண்டு. நிவேதிதை அம்மையார் தொடங்கி முடிக்காது விட்ட புராணக்கதை நூலை எழுதி நிறைவாக்கியவர் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1913இல் வெளிவந்த அந்நூலுக்கு ஓவியந் தீட்டியோருள் நந்தலாலும் ஒருவர். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது உடன் வந்தவர்களுள்ளும் அவர் இருந்தார்.

நந்தலாலை மாணாக்கர் 'மாஸ்டர் மொசாய்' என்றே அழைத்தனர். 'ஆசிரியர் ஐயா' என்பது அதன் பொருள். அவர் கற்பித்த முறையைத் தெளிவாக நமக்குக் கூறுபவர், ஓவியராக நிலைக்காத ஒரு மாணாக்கர் என்பது வியப்புக்குரியது. அவரே பிற்காலத்தில் திரைப்படத் துறையிற் புகழெய்திய சத்தியஜித் ராய். கல்கத்தாவிற் பொருளியல் பயின்ற அவர், தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி 1940இற் கலாபவனத்திற் சேர்ந்தார். ஒருநாள் அவர் மாடொன்றை வரைந்துகொண்டிருக்க, ஆசிரியர் பின்னே வந்து நின்றார். எல்லைக்கோடு நன்றாக அமைந்ததெனப் பாராட்டியபின், மாடு என்பது எல்லைக்கோடு மாத்திரமன்று என்றார். தோலின் உள்ளே தசையும் எலும்பும் உள்ளன. அவற்றை உணர்ந்த உணர்ச்சி பென்சில் செல்லும் போக்கிலே புலப்படவேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. மரத்தை வரையும்போதும் உச்சியினின்று கீழ்நோக்கி வரையலாகாது. மரம் மேல்நோக்கி வளர்வதாதலின் கோடும் அடியிலிருந்தே எழவேண்டும் என்பார். இவை கைத்திறன் பற்றிய அறிவுரைகள்போலத் தோன்றினும், உண்மையிற் பார்வை பற்றியன. ஓவியத்துறை தமக்கு உரியதன்று எனக் கண்ட ராய், பயிற்சியை முடிக்காமலே 1942இன் இறுதியில் நீங்கினார். ஆயினும், இயற்கையை எவ்வாறு நோக்குவது என்பதைத் தாம் கற்றது அவ்வாசிரியரின் காலடியிலேயே என்றும், அப்பயிற்சி இன்றேல் 1955இல் வெளிவந்த தமது 'பதேர் பாஞ்சாலி' பிறந்திராது என்றும் பின்னாளிற் கூறினார். பரீட்சைப் பதிவேடு இம்மாணவரை இடையில் நின்றவர் என்றே குறிக்கும். நினைவோ வேறு தீர்ப்புக் கூறுகின்றது.

ராய் பெரிதும் மதித்த மற்றோர் ஆசிரியர் பினோத் பிகாரி முகர்ஜி. 1904இற் பிறந்த அவருக்கு ஒரு கண்ணிற் பார்வையில்லை. மறு கண்ணிலும் பார்வை மிகக் குறைவு. இத்தகையவர் ஓவியம் பயிலலாமா என்னும் ஐயம் எழுந்தபோது, ஊக்கத்தோடும் ஒழுங்கோடும் வேலை செய்பவனை அவன் வழியிலே விடவேண்டும் என்பதே தாகூரின் கருத்தாயிற்று என அவரே தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். நந்தலாலின் மாணாக்கராகி, பின் அங்கேயே ஆசிரியராகி, 1946-47இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத்து அடியார்களின் வாழ்வைப் பெரும் ஓவியமாகத் தீட்டினார். 1956 அளவிற் கண் சத்திரசிகிச்சை பயனளிக்காமல் எஞ்சிய பார்வையும் போயிற்று. அதன் பின்னரும் அவர் கலாபவனத்திற் கலைவரலாறு கற்பித்தார். தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் அமைத்தார். விரல்களாற் களிமண்ணை வனைந்தார். 1972இல் ஓடுகளாலாய சுவர்ச்சித்திரம் ஒன்றையும் ஆக்கினார். அவ்வாண்டிலேயே ராய் தம் ஆசிரியரைப் பற்றி 'அகக்கண்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு விவரணப்படம் எடுத்தார். மாணாக்கன் ஆசிரியருக்குச் செலுத்திய கடன்களுள் இதனினும் சிறந்தது காண்டல் அரிது. அப்படம் ஆசிரியரின் துயரத்தைக் காட்டி இரங்கச் செய்வதன்று. அவர் வேலை செய்வதைக் காட்டுவது.

நிற்க, மாணாக்கர் நினைவை வரலாற்றாசிரியன் அப்படியே ஏற்றல் தகுமா? அன்பு மிகைபடக் கூறும்; முதுமை இளமைக்காலத்தைப் பொன்மயமாக்கும். ஆதலின் இரு சோதனைகள் வேண்டும். ஒன்று, வெவ்வேறு காலத்தில் பயின்றோர் கூற்றுக்கள் தம்முள் ஒத்தல். 1919இற் சேர்ந்த பினோத் பிகாரியும், 1940இற் சேர்ந்த ராயும், கேரளத்துத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சிறை சென்று மீண்டு 1944இற் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியனும், நந்தலால் தம் பாணியை எவர்மீதும் சுமத்தவில்லை என்பதில் ஒருமைப்படுகின்றனர். மற்றது, ஆக்கங்களின் சான்று. இராம்கிங்கர் பைஜ் 1938இல் கொங்கிறீற்றும் சரளைக்கல்லும் கலந்து அமைத்த சந்தாலர் குடும்பச் சிலை நந்தலாலின் கோட்டை எவ்வாற்றானும் ஒத்ததன்று. பினோத் பிகாரியின் நிலக்காட்சிகளும் சுப்பிரமணியனின் சுவர்ச்சித்திரங்களும் அவ்வாறே. மூவரும் ஒருவர் மாணாக்கரே. மூவர் கையும் மூன்று. எனவே நினைவு கூறியதை ஆக்கங்களும் மெய்ப்பிக்கின்றன.

ஆயினும் மூன்றாவதாக ஒரு குறை எஞ்சுகின்றது. அதனை எச்சோதனையும் நீக்காது. நினைவை எழுதி வைத்தவர்கள் புகழ்பெற்றவர்களே. கலாபவனத்திற் பயின்று, ஊரூராகச் சென்று, சிறு பாடசாலைகளிற் சித்திரம் கற்பித்து மறைந்தோர் பலர். அவர்களிடம் பயின்ற சிறுவர்கள் எழுத்தாளராகவோ திரைப்பட இயக்குநராகவோ ஆகவில்லை; ஆதலின் அவ்வாசிரியர்கள் வரலாற்றில் இல்லை. கற்பித்தலிற் குறைந்தவர்கள் என்பதனாலன்று, நினைத்தவர் எழுதாமையினாலேயே அவர்கள் மறக்கப்பட்டனர்.

இக்குறை சாந்திநிகேதனத்துக்கு மாத்திரம் உரியதன்று. சித்திரப் பாடத்தை ஓய்வுவேளை எனக் கருதிய பாடசாலைகள் எந்நாட்டிலும் உண்டு. அங்கே வாரத்தில் ஒரு வேளை வந்து, கரும்பலகையிற் பூவரசிலை ஒன்றை வரைந்து, அதன் நரம்புகள் எங்கே பிரிகின்றன என்று காட்டிச் சென்ற ஆசிரியர் எத்தனையோ பேர். அவ்விலையை இன்றும் மறவாத பழைய மாணவர், இன்ன ஆண்டில், இன்ன வகுப்பில், அவர் இன்னது சொன்னார் என்று ஒரு பக்கம் எழுதிவைத்தல் வேண்டும். புகழுரை வேண்டா, அவர் சொன்ன சொல்லும் திருத்திய கோடுமே போதும். மாட்டின் தோலுக்குள் எலும்பு உண்டு என்ற ஒரு சொல்லை ஒரு மாணவர் மறவாதிருந்தமையாலன்றோ, நந்தலாலின் வகுப்பறையை நாம் இன்று காண்கின்றோம்.