முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

காற்பந்து, வலைப்பந்து, பூப்பந்து, கபடி என எந்த விளையாட்டானாலும், யாரும் மோதாத நிலையிலும் முழங்கால் தசைநார் அறுந்துபோவதுண்டு. வேகமாக ஓடும்போது சட்டென நின்று திரும்புவது, குதித்து இறங்கும்போது கால் கோணலாக ஊன்றுவது ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள். அப்படி அறுவது பெரும்பாலும் ‘ஏசிஎல்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முன்சிலுவைத் தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலின் நடுவே இணைத்து, கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் அது தடுக்கிறது.

முழுமையாக அறுந்த இந்த நாரைத் தைத்துச் சேர்ப்பதைவிட, வேறொரு நாரை அதே இடத்தில் பொருத்துவதே இன்று வழக்கமான சிகிச்சை. அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் முழங்கால் எந்த அளவுக்குத் தேறும் என்பது அதற்கு முந்தைய சில வாரங்களையும் பிந்தைய 9 மாதங்களையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. குறிப்பாக, வலி நின்று பல மாதங்கள் கழித்துத்தான் புதிய நார் முழு வலுப் பெறும். இதை உணராமல் சீக்கிரமே திடலில் இறங்குவோர் மீண்டும் காயமடையும் அபாயம் அதிகம்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

காயம் ஏற்படும்போது ‘டப்’ என ஒரு சத்தத்தைக் கேட்டதாகவோ உணர்ந்ததாகவோ பலரும் சொல்வர். ஓரிரு மணி நேரத்தில் முட்டி உப்பிவிடும். மூட்டுக்குள் இரத்தம் கசிவதே அதற்குக் காரணம். சில நாள்களில் வீக்கமும் வலியும் குறையலாம். ஆனால் படியிறங்கும்போதோ திரும்பும்போதோ முழங்கால் ‘விட்டுக்கொடுப்பது’ போலத் தோன்றினால் அதைச் சாதாரணச் சுளுக்கு என விட்டுவிடக்கூடாது.

வீங்கிய முட்டியை எண்ணெய் தேய்த்து உருவுவதும் இழுத்து முறுக்கிச் சுளுக்கு எடுப்பதும் நம்மிடையே வழக்கம். எலும்பு முறிவு, தசைநார்க் கிழிவு உண்டா என்று தெரியும்முன் அப்படிச் செய்தால் காயம் மோசமாகக்கூடும். மருத்துவர் முழங்காலைக் கையால் அசைத்துப் பார்த்தே ஓரளவு கணித்துவிடுவார். எம்ஆர்ஐ படம் அதை உறுதிப்படுத்துவதுடன், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் எனும் குருத்தெலும்பு கிழிந்துள்ளதா என்றும் காட்டும்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

தேவையில்லை. சுவீடனில் துடிப்பான இளையர்கள் 121 பேரிடம் நடத்தி 2010ல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினருக்கு விரைவிலேயே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மற்றப் பிரிவினர் உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடங்கினர். தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை சிகிச்சை என முடிவானது. ஈராண்டுக்குப் பிறகு இரு பிரிவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவது பிரிவின் 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர்.

திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுகளுக்குத் திரும்ப விரும்புவோர், அன்றாட நடையிலேயே முட்டி நழுவுவோர், தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிவு உள்ளோர் ஆகியோருக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. நடை, நீச்சல், சைக்கிள் போதும் என்பவர்கள் பயிற்சியாலேயே சமாளிக்க முடியலாம். இந்தக் கேள்வியை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்

காயம்பட்ட மறுநாளே அறுவை சிகிச்சை செய்வது பொதுவாக நல்லதல்ல. வீங்கி விறைத்த முட்டியில் கத்தி வைத்தால், பிறகும் அது விறைப்பாகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே காத்திருக்கும் வாரங்கள் வீண் அல்ல. சிகிச்சையின் முதல் கட்டமே அதுதான். அதற்குள் எட்ட வேண்டிய இலக்குகள் நான்கு:

வீக்கம் நன்றாக வடிய வேண்டும்.

முழங்காலை மற்றக் காலைப்போல முழுமையாக நேராக நீட்ட முடிய வேண்டும்.

முன்தொடைத் தசையை இறுக்கி, காலை நேராக உயர்த்த முடிய வேண்டும்.

நொண்டாமல் நடக்க முடிய வேண்டும்.

மெனிஸ்கஸ் கிழிந்து மூட்டில் சிக்கி, முட்டி நீளாமல் பூட்டிக்கொண்டால் அது வேறு விவகாரம். அதற்கு விரைவான சிகிச்சை தேவைப்படலாம்.

புகைப்பவர்கள் இப்போதே நிறுத்துவது காயம் ஆற உதவும். இரத்தத்தை இளக்கும் மருந்து, நீரிழிவு மருந்து மட்டுமன்றி, நாட்டு மருந்து, பூண்டு அல்லது மஞ்சள் மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவது கிருமித்தொற்று அபாயத்தைக் குறைக்கும்.

எந்த நாரைப் பொருத்துவது?

பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே நார் எடுக்கப்படும். தொடையின் பின்புறத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ, மேலிருந்தோ எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் சாதக பாதகம் உண்டு. முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால், பிறகு மண்டியிடும்போது வலி இருக்கக்கூடும். தொழுகையில் மண்டியிடுவோர், தரையில் ஓடு பதிக்கும் வேலை செய்வோர், பாய் விரித்து அமர்ந்து பழகியோர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்வது அவசியம். பின்தொடையிலிருந்து எடுத்தால் காலை மடக்கும் வலு சற்றுக் குறையலாம். இறந்தோர் தானமளித்த நாரும் பயன்படுத்தப்படுவதுண்டு. ஆனால் இளம் விளையாட்டாளர்களுக்கு அது மீண்டும் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

செலவும் விடுப்பும்

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் சென்றால் உதவித்தொகை பெற்ற கட்டணம் பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைக் குறிப்பிட்ட வரம்புக்குள் பயன்படுத்தலாம்; மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் உண்டு. கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் பெறுங்கள். பல மாதப் பயிற்சிச் சிகிச்சையின் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுப் பயிற்சியைப் பாதியில் நிறுத்துவது பெரிய இழப்பு.

வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர், ஒரே முதலாளியிடம் 6 மாதம் பணியாற்றியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள்கள் வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்புப் பெறலாம். வழக்கமான 14 நாள் மருத்துவ விடுப்பும் இதில் அடங்கும். வேலையிடத்தில் காயம்பட்ட ஊழியர்கள், வெளிநாட்டு ஊழியர்கள் உட்பட, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோரலாம். விபத்து நடந்ததை முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

வீடு திரும்பும்முன் தரை விரிப்புகளையும் தடுக்கிவிடும் வயர்களையும் அகற்றுங்கள். குளியலறையில் வழுக்காத பாயும் உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலியும் போடுங்கள். தரையில் படுப்பவர்கள் சில வாரங்களுக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது. வீட்டு வாசல் வரை மின்தூக்கி வராத புளோக்கில் குடியிருந்தால், ஊன்றுகோலுடன் படியேற முன்பே பழகுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் சிகிச்சை பெற்ற காலும் முதலில்.

முதல் 2 வாரங்கள்

முதல் இலக்கு வீக்கத்தைக் குறைப்பதும் காலை முழுமையாக நீட்டுவதும்தான். துணி சுற்றிய ஐஸ் பொட்டலத்தை 15 முதல் 20 நிமிடங்கள் வரை ஒரு நாளில் பல முறை வைக்கலாம். காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள்.

முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது மிகவும் பொதுவான தவறு. வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் மடங்கியபடியே மூட்டு இறுகிவிடும். தலையணையோ சுருட்டிய துண்டோ குதிகாலுக்கு அடியில் இருக்க வேண்டும். தொடக்க வாரங்களில் நீட்டத் தவறிய முட்டியைப் பின்னர் நேராக்குவது கடினம்.

எவ்வளவு எடையை ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பது செய்யப்பட்ட சிகிச்சையைப் பொறுத்தது. மெனிஸ்கஸும் தைக்கப்பட்டிருந்தால் கட்டுப்பாடுகள் கூடும். அதே சிகிச்சை பெற்ற நண்பர் ஒரு வாரத்தில் ஊன்றுகோலை விட்டார் என்பதற்காக நீங்களும் விட வேண்டியதில்லை. முட்டியின் முன்பக்கத் தோலில் மரத்துப்போன உணர்வு பலருக்கும் ஏற்படுவதுதான்.

உடனே உதவி நாட வேண்டியவை

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் கூடினால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அங்கே எண்ணெய் தேய்த்து உருவவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் 995ஐ அழையுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறிகள். இவற்றுக்கும் தாமதம் கூடாது.

2 முதல் 12 வாரங்கள்

படிப்படியாக ஊன்றுகோலை விட்டு, நொண்டாமல் நடக்கப் பழகும் காலம் இது. நிலையான சைக்கிள், பாதி அளவு உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல் போன்ற பயிற்சிகள் சேர்க்கப்படும். மேசை வேலை பார்ப்போர் பலர் ஓரிரு வாரங்களில் வேலைக்குத் திரும்புவர். நின்று செய்யும் வேலைக்குக் கூடுதல் வாரங்களும் பாரம் தூக்கும் வேலைக்குப் பல மாதங்களும் தேவைப்படும். அவசரத்தில் பிரேக்கை அழுத்தும் வலு வலது காலுக்குத் திரும்பும்வரை கார் ஓட்டக்கூடாது.

மிகவும் ஏமாற்றும் கட்டமும் இதுதான். வலி போய்விடும், நடை சரியாகிவிடும். ஆனால் பொருத்தப்பட்ட நாருக்குள் புதிய இரத்த நாளங்கள் வளர்ந்து, அது உயிருள்ள தசைநாராக மாறிக்கொண்டிருக்கும் இந்த வாரங்களில், பொருத்திய நாளில் இருந்ததைவிட அது வலுக்குறைந்திருக்கும். பேருந்தைப் பிடிக்க ஓடுவது, பிள்ளைகளுடன் ஒரு பந்தை உதைப்பது, திருமண வீட்டில் ஓர் ஆட்டம் போடுவது எல்லாம் காத்திருக்கட்டும்.

3 மாதம் முதல் திடல்வரை

வீக்கமின்றி வலுவும் போதிய அளவு இருந்தால் 3 முதல் 4 மாதங்களில் நேர்கோட்டில் மெதுவோட்டம் தொடங்கலாம். அதன்பின் குதித்தல், திசை மாற்றி ஓடுதல், பந்துடன் பயிற்சி என ஒவ்வொன்றாகச் சேரும். பயிற்சிக்குப் பின் முட்டி வீங்கினால் அன்றைய அளவு அதிகம் என்று பொருள்.

நார்வே ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏற்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. 9 மாதத்துக்குப் பிறகு காத்திருப்பதால் அத்தகைய கூடுதல் பலன் காணப்படவில்லை.

ஆனால் நாள்காட்டி மட்டும் போதாது. சிகிச்சை பெற்ற காலின் முன்தொடை வலுவும் ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் மற்றக் காலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேசிய சேவையாளர்கள் அறுவை சிகிச்சை அறிக்கையைத் தங்கள் படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியிடம் காட்டி, உடற்தகுதி நிலையை மறுபரிசீலனை செய்துகொண்ட பிறகே பயிற்சிகளில் சேர வேண்டும்.

ஒருமுறை காயம்பட்ட இளையருக்கு அதே முழங்காலில் மட்டுமன்றி, மற்ற முழங்காலிலும் நார் அறுந்துபோகும் அபாயம் அதிகம். எனவே இரு கால்களுக்கும் பயிற்சி தேவை. வாரத்துக்கு இரண்டு முறையாவது ‘ஃபிஃபா 11+’ போன்ற 20 நிமிட உடற்சூட்டுப் பயிற்சியைச் செய்வது காயங்களைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குழுப் பயிற்றுவிப்பாளர்கள் அதை எல்லா விளையாட்டாளர்களுக்கும் வழக்கமாக்கலாம். அணியின் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்பதற்காக 6 மாதத்தில் ஓர் இளையரைக் களமிறங்க வற்புறுத்தாமல் இருப்பதும் அவர்களின் கடமையே.