மூக்குக்கு ஒரு முகட்டுவளை

மூக்கில் மூன்று அடுக்குகள் உண்டு: வெளியே தோல், நடுவே எலும்பும் குருத்தெலும்புமான சட்டகம், உள்ளே ஈரச்சவ்வு. மருத்துவர்களுக்கு முதலில் கைவந்தது தோல்தான். அறுபட்ட மூக்கின் அளவுக்கு இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத் தோலை எடுத்துப் பொருத்தச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. மூச்சுக்காக நாசியில் இரண்டு குழாய்களைச் செருகவும் சொல்கிறது.

மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கிழந்தவர், ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் காவஸ்ஜி. புனேயில் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார்கள். மெழுகுத் தகட்டை மூக்கின்மேல் வடிவாக அமைத்து, பிறகு நெற்றியில் விரித்து அளவெடுத்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதை வெளியிட்டது. 1814இல் ஜோசப் கார்ப்யூ இம்முறையை லண்டனில் செய்துகாட்டினார். ஆனால் உள்ளே தாங்கல் இல்லாத தோல் நாளடைவில் சுருங்கும்; துளைகளும் குறுகும்.

தமிழ்நாட்டில் தொழுநோய் இதற்கு நேரெதிரான சிக்கலைத் தந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்நோய் மிகுதியாக இருந்தது. அங்கே திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கியது. தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை நாடுவது. மூக்கின் உட்சவ்வு அதற்கு வாகானது. சவ்வு புண்ணாகி, நடுச்சுவர் அரித்துப்போகும். ஆறும் தழும்பு தோலை உள்ளிழுக்க, மூக்கு அமுங்கிவிடும். தோலோ பழுதின்றி இருக்கும்.

1947இல் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் திருமணிக்கு வந்த பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கைகளில் தொடங்கிய அவரது சீரமைப்புப் பணி முகத்துக்கும் விரிந்தது. மூக்குக்கு வழிகாட்டியது ஹெரால்டு கில்லிஸ் வகுத்த முறை. மேலுதட்டின் உட்புறம் கீறி, தழும்பிலிருந்து தோலை விடுவித்தால், சுருங்கிக் கிடந்த மூக்கு விரிந்துகொடுக்கும். அச்சு ஒன்றின்மேல் மெல்லிய தோலைச் சுற்றி உள்ளே வைத்தால், அது புதிய உட்புறமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு இடுப்பெலும்பின் துண்டு ஒன்று முட்டுக்கொடுக்கும்.

நோயில்லாத மூக்கைத் திருத்தும்போதும் இதே பாடம் பொருந்துகிறது. நடுச்சுவர்க் குருத்தெலும்பில் வளைந்த பகுதியை எடுக்கும்போது, மேலும் முன்னும் ஏறத்தாழ 1 செ.மீ. அகலப் பட்டையை விட்டுவைக்கிறார்கள். மேற்பட்டை முகட்டுவளை, முன்பட்டை நடுக்கால்; இவை இற்றால் கூரை இறங்கும். 1984இல் ஜாக் ஷீன், நடுச்சுவரின் இருபுறமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை வைக்கும் முறையை விளக்கினார். மூக்கினுள் காற்று மிகவும் நெருக்கப்படும் இடம் அதனால் அகல்கிறது. முதுகும் சரியாமல் நிற்கிறது, மூச்சும் தடையின்றிப் போகிறது.