தொப்புள் குடலிறக்கமும் கல்லீரல் சுருக்கமும்: காத்திருப்பையும் கணக்கில் சேர்த்தல்

கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொப்புள் வழியே குடல் பிதுங்குகிறது. குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டக் கூலிக்குப் போய்வரும் கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளிக்கு இது வந்துவிட்டால் மூட்டை தூக்க முடியாது. அறுவை செய்யலாமா என்று கேட்டால், ‘லிவர் தாங்காது’ என்று தள்ளிப்போடுவதே நெடுங்கால மருத்துவ மரபு. அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. சைல்டும் டர்காட்டும் 1964-இல் வகுத்து, பியூவும் குழுவினரும் 1973-இல் திருத்திய அளவுகோல் பிலிருபின், ஆல்புமின், உறைதல் நேரம், வயிற்று நீர், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு நோயாளிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்பாக்குகிறது. வயிற்று அறுவை செய்துகொண்ட 92 பேரைப் பற்றி 1997-இல் வெளிவந்த மன்சூர் குழுவின் ஆய்வில் இறப்பு ஏ வகுப்பில் 10 விழுக்காடு, பி-யில் 30, சி-யில் 82. இதைப் படித்த எந்த அறுவை நிபுணருக்கும் கை தயங்கத்தான் செய்யும். ஆனால் அதே ஆய்வில் அவசர அறுவையில் 50 விழுக்காட்டினரும், திட்டமிட்ட அறுவையில் 18 விழுக்காட்டினரும் இறந்திருக்கிறார்கள். முதல் வரிசை எண்களை மேற்கோள் காட்டுவோர் இரண்டாவதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். வகுப்பைப் போலவே வேளையும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதே அதன் பொருள்.

கல்லீரல் நோயின் கடுமையை ரத்தச் சோதனை எண்களால் கணக்கிடும் மெல்ட் மதிப்பெண் வந்தபின், யாருக்கு அறுவை செய்யலாம் என்ற சிக்கல் தீர்ந்தது என்பார்கள். அதில் மருத்துவரின் கைக்கணிப்புக்கு இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் கணக்கில் கிரியாட்டினின் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஒன்று என்றே கொள்ளப்படுகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தோளெலும்பு துருத்தி, தொடை மெலிந்து, வயிறு மட்டும் பானையாய் நிற்கும் ஒருவருக்கு இயல்பாகவே அது 0.5-தான் இருக்கும். சிறுநீரகம் பழுதாகி 1.0-க்கு ஏறினாலும் மதிப்பெண் அசையாது. உடல் வற்றியவரிடம்தான் இந்த அளவுகோல் அதிகம் ஏமாறுகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களை வைத்து உருவான வோகல்-பென் கணிப்பு, அறுவையின் வகையையும் அவசரத்தையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்வதால் மேலானது. அந்தப் படைவீரர்களில் மிகப்பெரும்பாலோர் ஆண்கள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வயிற்று நீரை அடக்காமல் தைத்தால் தையல் வழியே நீர் கசியும், சீழ் பிடிக்கும், குடலிறக்கம் திரும்ப வரும் என்ற மறுப்பு வலுவானது. அது நீரை முதலில் அடக்கு என்கிறதே தவிர, அறுவையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பைக் குறைத்து, நீர்ப்போக்கி மாத்திரையும் ஆல்புமினும் கொடுத்து, சில மாதங்கள் குடியை நிறுத்தினால் சி வகுப்பு பி-யாக மாறுவதுண்டு. நீரை ஒரேயடியாக வடித்தால் வயிறு தளர்ந்து, தொப்புள் வளையம் சுருங்கிக் குடலைக் கவ்விக்கொள்ளும் அபாயமும் உண்டு. கவனிக்காமல் விட்டாலோ, பிதுங்கிய தோல் பளபளத்து மெலிந்து புண்ணாகி, ஒருநாள் இருமலில் வெடித்து நீர் வேட்டியை நனைக்கும். அப்போது கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கும் முடியாதென்றால் மதுரை. மதிப்பெண் அட்டை எதிலும் இந்தத் தொலைவுக்குக் கட்டமில்லை. ஆகவே சீட்டில் ‘அன்ஃபிட்’ என்று முடித்துவிடாமல், வகுப்பு, பிளேட்லெட், தோலின் நிலை, ஊரிலிருந்து தியேட்டருக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் மறுபடி மதிப்பிடுவது என்பனவற்றையும் எழுதித் தர வேண்டும்.