சுருட்டி வைக்கத் தெரிந்த மாடி

மொட்டை மாடிக்கு மேசை நாற்காலி வாங்குவோர் இன்று முதலில் கேட்பது, காற்றுக்கு நிற்குமா என்பதைத்தான். சென்னையின் பழைய மாடிகளில் இந்தக் கேள்வி எழ வேண்டிய தேவையே இருக்கவில்லை. கோடை இரவுகளில் பாயும் தலையணையும் மேலே போயின. விடிந்ததும் பாய் சுருண்டு கீழே வந்தது. கயிற்றுக் கட்டிலை ஒருவரே தூக்கிவிடலாம். கான்வாஸ் ஈஸி சேர் மடங்கிவிடும். வடாம் காயும் வேட்டியின் நான்கு முனைகளிலும் கல் வைத்தார்கள். காற்று துணியின் ஓரத்தைப் பிடித்துத்தான் கிளப்பும் என்று அறிந்த கைகள், பாரத்தை நடுவில் வைக்கவில்லை.

இதை வசதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கூரையின் கட்டுமானமே இப்பழக்கத்தைக் கேட்டது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற தளத்தில், மரச் சட்டங்களின் மேல் சன்னமான செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு. இந்த அடுக்கு விரிசல் இன்றி இருக்கும்வரைதான் மழை உள்ளே வராது. நாற்காலிக் காலை இறுக்க ஒரு துளை போட்டால், ஐப்பசி மழை அதன் வழியே மரச் சட்டம்வரை இறங்கும். தளத்தில் எதையும் அறையக் கூடாது என்றால், எடுத்து வைக்கக்கூடிய பொருளே மாடிக்குப் பொருத்தம்.

கான்கிரீட் தளம் பரவிய பிறகு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததாகத் தோன்றியது. 1972-இல் பிரான்சில் ஆன்ரி மாசோனே உருவாக்கிய ஒற்றை வார்ப்பு நாற்காலியின் வழிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நம் மாடிகளுக்கும் ஏறின. பாயைப் போல இவையும் கனமற்றவை. ஆனால் சுருட்ட முடியாது. மழையில் நனைந்தாலும் கெடாது என்பதால் மேலேயே கிடந்தன. எடுத்து வைக்கும் பழக்கம் விட்டுப்போனது இங்கேதான். அப்படியானால் மேலேயே கிடந்தாலும் காற்றுக்கு நிற்கும் கனமான சாமான் வாங்கலாமே என்று கேட்கலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 7.5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது, 80 கி.மீ. காற்று ஏறக்குறைய 30 கிலோ. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் காற்று 100 கி.மீ.யையும் தாண்டியது. அகன்ற பலகையும் விரித்த குடையும் உள்ள மேசைக்கு எடை மட்டும் காவலாகாது. பழைய தளத்தில் அந்த எடையே தனிச் சுமையாகிவிடும். காற்று புகுந்து போகும் கயிற்றுப் பின்னலும் சட்ட இடைவெளியும் எடையைவிட நம்பகமானவை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்று பாயையும் கட்டிலையும் தினமும் ஏற்றி இறக்கியது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பணியாளர்களும்தான். அந்த உழைப்பை இன்று யாரிடம் கேட்பது? இது நியாயமான கேள்வி. பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதல்ல என் வாதம். தினமும் இறக்க முடியாததைத் தளத்தில் துளையிடாமல், உறுதியான கைப்பிடிச் சுவரின் உட்புறம் பதித்த வளையத்தோடு பட்டையால் கட்டலாம். புயல் எச்சரிக்கை வந்தால் அதையும் அவிழ்த்து உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒருவர் மடக்கித் தூக்க முடிவதும், தூக்கியதை வைக்க மாடிப்படி அறையில் இடம் இருப்பதும் அந்த உழைப்பைப் பாதியாக்கும். ஆகவே மாடிக்குச் சாமான் வாங்குபவர், மேசையின் அளவைப் பார்க்குமுன் படி அறைக் கதவின் அகலத்தை அளந்துகொள்வது நல்லது.